புதன்கிழமைகளில் எங்கே போனாய், பவளம்?

என் பவளம்,

நான்தான் கதைக்கிறேன். எழுதுகிற கை என்னுடையதல்ல. எனக்கு எழுத வராது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தையெல்லாம் நீதானே எழுத்துக்கூட்டி வாசித்தாய். இப்போது நான் சொல்லச் சொல்லக் கீழ்மாடி நேசம் ரீச்சர் எழுதுகிறார். நீ போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்தன்று, சபையில் இதை வாசிக்கப் போகிறவரும் அவர்தான்.

என் பேச்சை ரீச்சர் கொஞ்சம் கழுவித் துடைத்துத்தான் போடுவார். போடட்டும். ஆனால் பொருளை மாற்றினாரோ என்று பார்க்க, ஒவ்வொரு பக்கம் முடியவும் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அவருக்குக் கோபம். "என்னிலையும் நம்பிக்கை இல்லையோ அண்ணை?" என்கிறார். நம்பிக்கை வேறு, பார்த்துக்கொள்வது வேறு என்று உனக்கு விளங்கும்.

போன மாதம் நம்முடைய மகள் சுகந்தி, அவள் குடியிருக்கிற ஓல்னேயிலிருந்து வந்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, திவசத்துக்குப் படைக்கேக்கை அம்மாவுக்கு விருப்பமான சாப்பாடும் வைக்கோணும். என்ன வைப்பம்?"

"கத்தரிக்காய்க் குழம்பு வை."

"அது உங்களுக்கு விருப்பம்."

"அப்ப பயத்தங்காய் வை."

"அதுவும் உங்களுக்குத்தான்."

பவளம், என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். எழுத்தில்லாதவனுக்கு மண்டைதான் கொப்பி. இந்த ஊரில் நான் முதன்முதல் கோப்பை கழுவப் போன சாப்பாட்டுக் கடையின் பின்கதவுப் பிடி எந்தப் பக்கம் இருந்தது என்று கேள், சொல்வேன். கொழும்பில் விமானம் ஏறிய அன்று நீ உடுத்த சேலையின் கரை என்ன நிறம் என்று கேள், சொல்வேன். சுகந்தியின் கலியாண வீட்டில் உன் தம்பி சின்னராசா எழும்பி நின்று "சாம்பாருக்கு உப்பில்லை" என்று சபை கேட்கச் சொன்னானே, அப்போது அவன் வெற்றிலையை எந்தக் கொடுப்புக்குள் வைத்திருந்தான் என்றும் சொல்வேன். அன்றைக்குப் பிறகு அவனோடு நான் கதைக்கவில்லை என்பதையும் மறக்கவில்லை.

ஆனால் உனக்கு என்ன சாப்பாடு விருப்பம்? தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நீ எப்போதும் எல்லாரும் எழும்பிய பிறகுதான் சாப்பிட இருந்தாய். சட்டியில் எது மிஞ்சியதோ அதைச் சாப்பிட்டாய். மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளுக்கு எது விருப்பம் என்று ஒரு மனுசன் எப்படிக் கண்டுபிடிப்பது? வாய் திறந்து ஒரு நாள் சொல்லியிருக்கலாமே?

சுகந்தி தேத்தண்ணிக் கிளாசை எடுத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு சொன்னாள்:

"சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டு நில்லுங்கோ. ஒரு கடைக்குப் போறம். அம்மாவுக்கு விருப்பமான சாப்பாடு அங்கைதான் இருக்கு."

"என்ன கடை?"

"ஜோர்ஜியாக்காரற்றை கடை. உக்ரேன் சாப்பாடும் இருக்கு."

"ஆருக்குக் காது குத்துறாய்? கொம்மா வெள்ளைக்காரன்ரை கடையிலை சாப்பிட்டவவோ?"

"வாங்கோவன், பாப்பம்."

அன்று முதல் எனக்கு நித்திரை சரியில்லை. வெளியில் போனால் சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் வீட்டிலிருந்து கொண்டு போகிறவள் நீ. இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கிழமை சுகந்தி நம்முடைய அறை யன்னலைப் படம் எடுத்ததைக் கண்டேன். ரெலிபோனில் பிரெஞ்சில் கதைக்கும்போது "பாப்பா, பாப்பா" என்று அடிக்கடி வந்தது. என்னை இந்த வீட்டிலிருந்து கிளப்பி ஓல்னேக்குக் கொண்டு போகப் போகிறாளோ? வயசானவர்களை வீட்டைவிட்டு எழுப்புவதென்றால் முதலில் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள். நான் கண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நீ தைத்துத் தந்த நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். நம்முடைய ஆட்கள் கடை போட்டிருக்கிற லாச்சப்பலில் நடந்தால் சும்மா விடுவார்களா? மரக்கறிக் கடைக்காரன் முருங்கைக்காய்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கையண்ணை மாப்பிள்ளை மாதிரி?" என்றான். "மருந்தெடுக்க" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? செத்துப்போன மனுசிக்கு விருப்பமான சாப்பாட்டைத் தேடி ஜோர்ஜியாக்காரனின் கடைக்குப் போகிறேன் என்று சொல்லலாமா?

ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்தைத் தாண்டி, ஒரு சின்னத் தெருவுக்குள் கடை. கண்ணாடியில் ஒரு பக்கம் கொடி முந்திரிகைக் குலை, மற்றப் பக்கம் சூரியகாந்திப் பூ வரைந்திருந்தது. நான் வாசலில் நின்றுவிட்டேன். இவ்வளவு காலம் இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்தும், ஒன்றுக்குள்ளேனும் முன்கதவால் போனதில்லை. பின்கதவைப் பார்த்தால்தான் எனக்குக் கடையைப் பற்றி ஏதாவது தெரியும். குப்பைத் தொட்டி கழுவியிருக்கிறதா, வாசலில் எண்ணெய் வடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான்.

மேசைகளில் சிவப்பு நூல் வேலை செய்த துணி விரித்திருந்தார்கள். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் துணி விரிக்கிறவனை நம்பலாம். சிவப்புப் பூ போட்டவன் எதையோ மறைக்கிறான்.

அப்போது ஏப்ரன் கட்டிய ஒருத்தி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு உடனே பிடிபட்டது. உன்னை எரித்த அன்று, மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், பச்சைக் கோட்டோடு நின்று சத்தமில்லாமல் அழுதவள் இவள்தான். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அரசாங்கம் ஆளை அனுப்பி, செத்தது நீதானா என்று சரிபார்க்கிறது என்று நினைத்தேன். அழுததைப் பார்த்துவிட்டு, செத்தவீடு மாறி வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

"இது லாலி, அப்பா. ஜோர்ஜியாக்காரி. கடை இவவும் இவவின்ரை மனுசன் பெத்ரோவும்தான் நடத்துகினம். அவர் உக்ரேன்."

நான் கையை விடுவித்துக்கொண்டு, சேட்டுப் பொக்கற்றைத் தடவிப் பார்த்தேன். சுகந்தி அதைக் கண்டுவிட்டாள்.

"அப்பா!"

"சும்மா பாத்தனான்."

முதலில் தோணி மாதிரி ஒரு ரொட்டி வந்தது. நடுவில் உருகிய பாற்கட்டி, அதற்கு மேல் ஒரு முட்டை தளதளவென்று கிடந்தது.

"பிள்ளை, முட்டை அவியேல்லை. திருப்பிக் குடு."

"அது அப்பிடித்தானப்பா. கலக்கிச் சாப்பிடோணும்."

"அப்பிடித்தான் எண்டு ஆர் சொன்னது? அவன் சொன்னதோ? அடுப்பு வேலை செய்யேல்லை எண்டா நானும் அப்பிடித்தான் சொல்லுவன்."

அடுத்ததாக மண்சட்டியில் அவரை விதைக் குழம்பு வந்தது. மூடியைத் திறந்ததும் மல்லியும் வெந்தயமும் மணத்தன. இந்த ஊரில் எந்த நாட்டுக்காரனின் கடை என்றாலும் உள்ளே நிற்பவன் நம்முடையவன் என்பது எனக்குத் தெரியாதா? "குசினிக்குள்ளை தமிழன் ஒருத்தன் நிக்கிறான்" என்று சுகந்திக்குக் குனிந்து சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தச் சாப்பாட்டுக் கோப்பை வந்தது. ஆவி பறந்தது. அரைச் சந்திரன் மாதிரி வெள்ளையாக, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. மேலே வெண்ணெயில் பொரித்த வெங்காயம், பக்கத்தில் புளித்த பாலாடை. "வரேனிக்கி" என்றாள் லாலி. உள்ளே உருளைக்கிழங்காம்.

நான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கொழுக்கட்டை. நம்முடைய கொழுக்கட்டைதான். ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாக மடித்திருந்தது. அது மட்டுமென்றால் விட்டிருப்பேன். மடிப்பு முடிகிற மூலையில், வாலை இரண்டு தரம் உள்ளே திருப்பி அமத்தியிருந்தது, சின்ன மூக்கு மாதிரி.

பவளம், உன் தாய் அப்படிப் பிடிப்பதில்லை. உன் மச்சாள்மார் ஒருவரும் அப்படிப் பிடிப்பதில்லை. நீ ஒருத்திதான், அவியும்போது பயறும் சர்க்கரையும் வெளியே வந்துவிடும் என்று அந்த மூலையில் நம்பிக்கையில்லாமல் இன்னும் இரண்டு திருப்புத் திருப்புவாய். ஆடிப் பிறப்புக்கு ஊரில் பத்து வீட்டுக் கொழுக்கட்டையைக் கலந்து வைத்தாலும் உன்னுடையதை நான் எடுத்துத் தருவேன்.

"ஏன் பிள்ளை, இதை வீட்டிலை செய்து கொண்டந்து குடுத்திட்டு என்னை ஏய்க்கிறியோ?"

"எனக்குக் கொழுக்கட்டை பிடிக்கத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

அது உண்மை. அவள் பிடித்தால் சட்டிக்குள் கஞ்சிதான் மிஞ்சும். அப்படியென்றால் யார்?

எழும்பிக் குசினிப் பக்கம் நடந்தேன். லாலி குறுக்கே வந்தாள்; சுகந்தி என் சேட்டைப் பிடித்தாள். வருசக்கணக்காக நான் நின்ற இடம் அது, எனக்கு வழி காட்ட ஒருவரும் தேவையில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழுவுகிற தொட்டியைப் பார்த்தேன். துடைக்கிற துணி காய்ந்து, மடித்து வைத்திருந்தது. மணந்தும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

மா தூவிய மேசைக்கு முன்னால் ஒரு மலை போன்ற மனுசன் நின்றான். அவன்தான் பெத்ரோ. ரெலிபோனை மா வாளியில் சாய்த்து வைத்து, ஒரு கிழவியோடு கதைத்துக்கொண்டிருந்தான், ஊரில் இருக்கிற அவனுடைய தாயாம். அவர் பின்னால் யன்னல் இல்லை, வெறும் சீமெந்துச் சுவர். அந்தச் சுவர் என்ன சுவர் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாமும் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தவர்கள்தானே?

கதைத்தபடியே அவனுடைய பெரிய விரல்கள் மாவை மடித்தன. பெருவிரல், சுட்டுவிரல், பெருவிரல், சுட்டுவிரல். மூலைக்கு வந்ததும் வாலை எடுத்து ஒரு திருப்பு, இன்னொரு திருப்பு, ஒரு அமத்து.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அந்த மூக்கைத் தொட்டுக் காட்டி, "யார்? யார்?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான், பின்னால் நின்ற சுகந்தியைப் பார்த்தான். "மதாம் பவளா" என்றான். மேசையின் அந்தப் பக்கத்தில் மெத்தை கட்டிய ஒரு கதிரையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு லாலி சொன்னதைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொன்னாள். விடிய முன்னர் நீ கூட்டித் துடைக்கப் போன கந்தோர்க் கட்டிடத்தில் லாலியும் உன்னோடு வேலை செய்தவளாம். அவள் இந்தக் கடையைத் திறந்த பிறகு, புதன்கிழமைகளில் நீ வேலை முடிந்து நேரே இங்கே வருவாயாம். அந்தக் கதிரையில் இருந்து பெத்ரோவோடு ஓரம் மடிப்பாயாம். அவனுடைய ஊரில் ஓரத்தை அமத்திவிடுவதோடு சரியாம். சிலது பானைக்குள் வெடிக்குமாம். நீ அந்த மூலையைப் பழக்கிய பிறகு ஒன்றும் வெடித்ததில்லையாம்.

"பிறகு?" என்றேன்.

பிறகு பெத்ரோ முதல் அவியலை இறக்க, கடைக் கதவைத் திறக்க முன்னரே, யன்னலோர மேசையில் நீ இருப்பாயாம். அன்றைய முதல் கோப்பை உனக்குத்தானாம், சுடச்சுட. நீ அதை ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை லாலி ஒருவரையும் உள்ளே விடுவதில்லையாம்.

நான் நம்பவில்லை. சூடாக, முதலாவதாக, இருந்து சாப்பிடுகிற பவளத்தை எனக்குத் தெரியாது. வேறு யாரோ ஒரு மதாமைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, அம்மா ஹாண்ட்பாக்குக்குள்ளை மருந்துக் குளிசைப் போத்திலிலை மிளகாய்த்தூள் வைச்சிருந்தவவாம். அதை எடுத்து அந்தப் பாலாடைக்கு மேலை கொட்டுவாவாம்."

பெத்ரோவுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் இந்த இடம் விளங்கியது. நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டான். அவன் பட்ட துன்பத்தைப் பார்த்த பிறகுதான், அது நீதான் என்று நம்பினேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். புதன்கிழமை பிந்தி வருவாய். "மெத்ரோ நிண்டு போச்சப்பா" என்பாய். எனக்கு அப்போதே ஐமிச்சம். புதன்கிழமையில் மட்டும் நிற்கிற மெத்ரோ எங்கே இருக்கிறது? உன் சேலையில் வெண்ணெயில் பொரித்த வெங்காய மணம் வரும். நீ எனக்குத் தெரியாமல் வில்லியே லே பெல்லுக்கு, தம்பி வீட்டுக்குப் போய் வருகிறாய் என்று நினைத்தேன். சின்னராசாவின் பெண்சாதி ஆடம்பரக்காரி, அவள்தான் வெண்ணெயில் சமைப்பாள் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தேன். கேட்டால் சண்டை வரும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ?

லாலியிடமும் கேட்டேன். "ஏன் எனக்கு ஒளிச்சவ?"

லாலி யோசித்துத்தான் சொன்னாள். சுகந்தி தமிழாக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "வீட்டிலை நான் சாப்பிட இருந்தா ஆருக்காவது ஏதாவது தேவைப்படும் எண்டு அம்மா சொல்லுவாவாம்."

"ஆருக்கு? எனக்கோ? நான் ஒண்டும் கேக்கிறேல்லையே!"

திரும்பி வந்து மேசையில் இருந்தோம். லாலி சுகந்திக்கும் சூடாக ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர்ச் சாடி அடுத்த மேசையில் நின்றது.

"பிள்ளை, அந்தத் தண்ணியை ஒருக்கா எடு."

வாய்க்குக் கொண்டு போன முள்ளுக்கரண்டியைச் சுகந்தி கோப்பையில் வைத்தாள். எழும்பிப் போனாள், சாடியைக் கொண்டுவந்தாள், எனக்கு வார்த்தாள். வார்த்த பிறகு இருக்கவில்லை. நின்றபடி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லை.

"அப்பா..." என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய கோப்பையைப் பார்த்தேன். ஆவி அடங்கியிருந்தது.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உருளைக்கிழங்கு நன்றாக மசிந்திருந்தது, வெங்காயம் கருகவில்லை. உண்மையைச் சொன்னால், மிளகாய்த்தூள் வேண்டும்தான்.

திவசப் படையலுக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டுமே. மாவுக்குள் முட்டை இருக்கிறதா, கொழுப்புப் போட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடியும் உள்ளே போய் மாவை மணந்து பார்த்தேன். மா, தண்ணீர், உப்பு. சைவம்தான். பெத்ரோவின் ஊரிலும் செத்தவர்களுக்கென்று ஒரு கோப்பையில் போட்டு வைப்பார்களாம். கடையில் அவித்துக் கொண்டு வந்தால் ஆறிவிடும், நானே உங்கள் வீட்டுக்கு வந்து அவிக்கிறேன் என்றான். ஒரு வெள்ளைக்காரன் நம்முடைய குசினியில் நின்று படையலுக்கு அவிப்பதா என்று நானும் யோசித்தேன். ஆனால் அந்த மூலையை அவனைவிட்டால் இப்போது யாருக்குத் தெரியும்?

ரீச்சர் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு, "சனம் சிரிக்கும் அண்ணை" என்றார். சிரிக்கட்டும். சபையில் இருக்கிறவர்களே, படையல் இலையில் வெள்ளையாக இருப்பது என்ன என்று முணுமுணுத்தவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். பின்னால் பச்சைக் கோட்டோடு நிற்பவளும் அரசாங்கத்து ஆள் இல்லை. அவளுக்கு ஒரு கதிரை கொடுங்கள்.

உன் தம்பிக்கும் சொல்லியிருக்கிறது. ரெலிபோனில் சொன்னது சுகந்திதான். நான் பக்கத்தில் நின்று இருமினேன். அவனுக்கு விளங்கியிருக்கும். வரட்டும். உப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருக்கச் சொல்.

கடையிலிருந்து திரும்பி வரும்போது சுகந்தியிடம் கேட்டேன். "அப்ப என்னை ஓல்னேக்குக் கொண்டு போகேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"யன்னலைப் படம் எடுத்தனீ."

"திரைச்சீலை தைக்கிறதுக்கப்பா!"

இன்றைக்கு வரைக்கும் திரைச்சீலை வரவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், பவளம். அந்த யன்னலோரம் தனிய இருந்து சாப்பிடும்போது தெருவில் என்னத்தைப் பார்த்தாய்? என்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தாயா? இல்லை, கூட்டிக்கொண்டு போனால் குசினிக்குள் போய்த் துணியை மணந்து பார்ப்பேன் என்று பயந்தாயா? பார்த்திருப்பேன்தான்.

படைத்து முடிந்ததும், வழக்கம்போல, நீ வந்து சாப்பிட அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம். மற்ற வீடுகளில் கொஞ்ச நேரத்தில் யாராவது இருமிவிட்டுத் திறந்துவிடுவார்கள். இங்கே அது நடக்காது. கதவுக்கு முன்னால் கதிரை போட்டு நான் இருப்பேன். முதல் கோப்பை உன்னுடையது. குளிசைப் போத்தலைப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தண்ணீர் விடாய்த்தால் நானே எழும்பிப் போய் எடுத்துக் குடிப்பேன்.

ஆறுதலாகச் சாப்பிடு.

ஒருநாளும் நீ பெயர் சொல்லிக் கூப்பிடாத உன் மனுசன்,
உன்னுடைய "இஞ்சேருங்கோ".